முதலில் பெரியவர்களைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் வேலை மாறுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. ஒன்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் நிருபராக இருக்கிறேன். சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் அன்று பிரிட்டிஷாரிடம் இருந்த செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நான்கு வாரத் தொடர் எழுதினேன். என் தாத்தாவும் அங்கே டாக்யார்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், இருந்தவர். வேலை போனதும் அவர் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தம்பி ஊருக்குத் திரும்பிவிட்டார். தொடரைப் படித்த ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் என்னைத் தயாரிப்பாளராகக் கூப்பிடுகிறது. அதையே ஆறு பகுதி நிகழ்ச்சியாகச் செய்யலாம் என்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தம். இப்போது 4,500 வெள்ளி சம்பளம், அவர்கள் 4,900 தருகிறார்கள், ஆனால் மசேநிதி (மத்திய சேமநிதி) இல்லை. எனக்கோ அந்தக் குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பதுதான் ஆசை. தொலைக்காட்சிக்குப் போனால் எழுத்து போய்விடும் என்கிறார் என் ஆசிரியர். தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்கிறார் கணவர். நிரந்தர வேலையை விடாதே என்கிறார் அம்மா. மூவருக்கும் என்ன பதில் சொல்வது?
- ஈசூன் வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எனக்கு வேறொன்றுதான் தோன்றியது. தொடருக்காக நீங்கள் சந்தித்தவர்களுக்கு இப்போது என்ன வயது இருக்கும்? பிரிட்டிஷ் அரசு தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக 1968 ஜனவரியில் அறிவித்தது. அன்றைக்கு இருபது வயதில் அங்கே வேலையில் இருந்தவர் இன்று எண்பதை நெருங்கிவிட்டார். 1950களின் நடுவில் சேர்ந்தவர்கள் தொண்ணூறைத் தொடுகிறார்கள். உங்களுக்கு 34. இன்னும் இரண்டு ஆண்டு செய்தித்தாளில் இருக்கலாம், தொலைக்காட்சிக்குப் போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம், புத்தகத்தை நாற்பது வயதில்கூட எழுதலாம். அவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். தொலைக்காட்சிக்குப் போங்கள். ஆனால் போவதற்கு முன்னால், இப்போதைய வேலையில் இருந்துகொண்டே, உங்கள் சொந்த நேரத்தில், உங்கள் சொந்த ஒலிப்பதிவுக் கருவியில், வயதில் மூத்தவர்களைப் பதிவு செய்து முடித்துவிடுங்கள். வாரக் கடைசியில் ஒருவர் என்று வைத்தால்கூட சில மாதங்களில் முக்கியமானவர்களை முடித்துவிடலாம். தயாரிப்பு நிறுவனம் அதுவரை காத்திருக்குமா என்று பயப்பட வேண்டாம். நிதி, ஒளிபரப்பு நேரம் என்று எல்லாம் கூடிவர அவர்களுக்கும் மாதக் கணக்கில் ஆகும்.

சொந்த நேரம், சொந்தக் கருவி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உரிமை. வேலையில் இருக்கும்போது வேலைக்காக எழுதியதன் பதிப்புரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, பெரும்பாலும் நிறுவனத்துக்கே போகும். உங்கள் நான்கு வாரத் தொடரும் அப்படி இருக்கலாம். அதிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்துப் புத்தகத்தில் வைக்க உங்களுக்கே அனுமதி வேண்டியிருக்கலாம். தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்பதால், அதே மனிதர்களைப் பற்றிப் புதிதாக எழுதுவதைச் சட்டம் தடுக்காது. இருந்தாலும் வேலையை விடும் முன்பே ஆசிரியரிடம் பேசி, தொடரையும் உடன் வந்த படங்களையும் புத்தகத்தில் பயன்படுத்திக்கொள்ள எழுத்தில் அனுமதி கேளுங்கள். முகம் தெரிந்தவர்கள் அங்கே இருக்கும்போது கேட்டால் கிடைக்கும். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால் யாரைக் கேட்பது என்றே தெரியாது.

தொலைக்காட்சியில் கட்டு இன்னும் இறுக்கம். ஒளிபரப்பு நிறுவனத்தின் பணத்தில் செய்யும் நிகழ்ச்சி என்றால், திரையில் வந்தது மட்டும் இல்லை, எடிட்டிங்கில் வெட்டிப் போட்ட காட்சிகளும் அவர்களுக்கோ தயாரிப்பு நிறுவனத்துக்கோ சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஒரு பெரியவர் கேமரா முன்னால் ஒரு மணி நேரம் பேசுவார். அதில் ஒன்றரை நிமிடம் திரைக்கு வரும். உங்கள் புத்தகத்துக்கு வேண்டியதெல்லாம் மீதியில்தான் இருக்கும். அந்த மீதி யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில் உட்கார்ந்துவிடும், அல்லது அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் வேண்டும் என்று அழிக்கப்படும். கேமராவுக்கு முன்னால் ஒருமுறை சொன்ன கதையை இரண்டாம் முறை கேட்டால் அதே சூட்டோடு வருவதும் இல்லை. அதனால்தான் உங்கள் ஒலிப்பதிவு முதலில்.

பதிவு செய்யும்போது ஒப்புதல் வாங்குவதில் கவனமாக இருங்கள். செய்தித்தாளுக்குப் பேசுபவர் நாளைக்கு வந்து மறுநாள் போகிற ஒன்றை நினைத்துக்கொண்டு பேசுகிறார். புத்தகம் அப்படிப் போய்விடாது. பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். ஊரில் இருந்த இன்னொரு குடும்பம், கங்காணியோடு சண்டை, குடி, கடன் என்று அந்தத் தலைமுறையின் கதைகளில் சங்கடமானவை நிறைய வரும். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே, இது புத்தகத்துக்காக, கட்டுரையாகவும் நிகழ்ச்சியாகவும் வரலாம் என்று சொல்லி, அவர் சரி என்று சொல்வதையும் பதிவில் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு எளிய தமிழில் ஒப்புதல் தாள் தயாரித்துக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வாங்கும்போது மகனோ மகளோ பக்கத்தில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் அவர்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் படித்துக் காட்டுங்கள். தப்பான பெயர், தப்பான ஆண்டு எல்லாம் அங்கேதான் பிடிபடும். பதிவின் ஒரு பிரதியைக் குடும்பத்துக்கும் கொடுத்துவிடுங்கள். இதில் கஞ்சத்தனமே கூடாது. அந்தக் குரல் முதலில் அவர்கள் வீட்டுச் சொத்து.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து இப்படிப்பட்ட நேர்காணல்களைச் சேர்த்துவருகிறது. தமிழில் பேசியவையும் அங்கே உண்டு. நீங்கள் தொடங்குவதற்கு முன்னால், அங்கே கடற்படைத் தளத்தைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே சொல்லப்பட்டதைத் திரும்பக் கேட்டு ஒரு முதியவரைக் களைப்படைய வைக்க வேண்டியதில்லை. கேட்கப்படாத கேள்விகளும் அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் பெண்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை நடத்தியது அவர்கள்தான். சம்பள நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று டாக்யார்டில் இருந்தவரைவிட அவர் மனைவிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆட்களைத் தேட ஈசூன் தொழிற்பேட்டையில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். முதலில் கான்பரா சாலைப் பக்கம் கடற்படைத் தளத் தொழிலாளர்கள் கும்பிட்டு வந்த கோயில் அது. பங்குனி உத்திரத்துக்குத் தளத்துக் குடும்பங்கள் அங்கே கூடும். அன்றைக்குப் பேட்டி எடுக்காதீர்கள், தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். நானும் செய்தித்தாளில் தொடங்கி, தொலைக்காட்சியில் தயாரிப்பாளராக இருந்து, பிறகு புத்தகத்துக்கு வந்தவன். தொலைக்காட்சி எழுத்தைக் கெடுக்கும் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22, 23 நிமிடம்தான் உங்களுடையது. அதில் பாதி நேரம் பின்னணிக் குரல் என்று வைத்துக்கொண்டாலும், நிமிடத்துக்கு நூறு சொல் கணக்கில் ஒரு பகுதிக்கு 1,100 சொல்தான் வரும். ஆறு பகுதிக்கும் சேர்த்து ஏழாயிரத்தைத் தொடாது. ஓராண்டு முழுக்க நீங்கள் எழுதப்போவது அவ்வளவுதான். அந்தச் சொற்களும் படத்துக்குத் துணையாக வருபவை. படம் சொல்லிவிட்டதைக் குரல் சொல்லக் கூடாது என்பதால் வாக்கியங்கள் குட்டையாகும், வினைச்சொல் மட்டும் மிஞ்சும். ஓராண்டு இதையே செய்தால் நீண்ட பத்தி எழுதக் கை வராது. மற்ற நேரம் எல்லாம் தொலைபேசியில் போகும். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் படமெடுக்க நகர மன்றத்திடம் அனுமதி, பழைய படங்களுக்கு உரிமம், கேமராமேனுக்குத் தேதி, மழை வந்தால் மாற்றுத் திட்டம், எடிட்டருக்குச் சாப்பாடு. தயாரிப்பாளரின் வேலை பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஒவ்வொரு படப்பிடிப்பு நாளும் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கேமராவில் விழாதவற்றை முழு வாக்கியங்களில் எழுதிவிட்டுத் தூங்குங்கள். அந்த வீட்டில் என்ன வாசனை, பெரியவர் எந்த நாற்காலியில் உட்கார மறுத்தார், மைக்கைக் கழற்றிய பிறகு அவர் மனைவி என்ன சொன்னார். அரை மணி நேரம் போதும். இதைச் செய்கிற தயாரிப்பாளர் எழுத்தை இழக்க மாட்டார். செய்யாதவர்கள் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மற்ற பாதி என்ன? தொலைக்காட்சி கற்றுக்கொடுப்பதைச் செய்தித்தாள் கற்றுக்கொடுக்காது. நிருபராக இருக்கும்போது நாம் மேற்கோளுக்காகக் காது கொடுக்கிறோம். நல்ல வரி ஒன்று கிடைத்ததும் நோட்டை மூடிவிடுகிறோம். தயாரிப்பாளரிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, என்ன காட்டப்போகிறோம் என்பது. செம்பவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் குடியிருந்த இடங்களில் இன்று வேறு கட்டடங்கள். மிச்சமிருப்பது தெருப் பெயர்கள். தளத்தின் சாலைகள் பலவற்றுக்கு பிரிட்டிஷ் காமன்வெல்த் நகரங்களின் பெயரை வைத்தார்கள். அப்படி வந்த கான்பராதான் 2019 நவம்பரில் ஓர் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயராகவும் ஆனது. அதிகாரிகள் இருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இன்னும் நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளியின் வீட்டைக் காட்ட முடியாது. அப்போது என்ன செய்வீர்கள்? பீரோவைத் திறக்கச் சொல்வீர்கள். டாக்யார்ட் பாஸ், சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், நாடகக் குழுவோடு எடுத்த படம், வேலையை விட்டபோது கொடுத்த சான்றிதழ் எல்லாம் வெளியே வரும். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது புதிதாக ஒரு கதை வரும், அந்தக் கதையில் ஒரு தேதி இருக்கும். கேமரா கேட்டதால் கிடைத்த இந்தப் பொருள்கள்தான் உங்கள் புத்தகத்தைத் தாங்கும். அங்கேயே உங்கள் சொந்தக் கைபேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று குடும்பத்திடம் கேளுங்கள்.

அப்புறம் மௌனம். பத்திரிகைக்காரர்கள் பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவோம். எடிட்டிங்கில் நம் குரல் அவர் குரலின் மேல் ஏறிக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்வோம். முதியவர்கள் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, அதன் பிறகுதான் உண்மையான பதிலைச் சொல்வார்கள். எடிட்டிங் மேசை இன்னொன்றையும் கற்றுத்தரும். ஒரே ஆறு காட்சிகளை வரிசை மாற்றி வைத்தால் கதையே மாறிவிடும். இருநூறு பக்கத்தில் எதை எப்போது சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இந்த வழியில் நடந்தவர்கள் இங்கேயே உண்டு. ஜே.எம். சாலி ஆனந்த விகடனிலும் தமிழ் முரசிலும் பணியாற்றிவிட்டுச் சிங்கப்பூர் ஒளிபரப்பின் தமிழ்ச் செய்திப் பிரிவுக்குப் போனவர். எழுதுவதை அவர் விடவே இல்லை. 2012ல் கலாசாரப் பதக்கம் பெற்றார். ஆங்கிலத்தில், டுடே நாளிதழின் முதல் ஆசிரியரான பி.என். பால்ஜி தன் செய்தி அறை அனுபவங்களை 2019ல் நூலாக்கினார். ஆசிரியரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். அவருக்கும் தெரிந்தவர்கள்தான்.

புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். தொடர் ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் முப்பது பேரைச் சேர்த்தால் புத்தகம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். தொடர் எழுதிய எல்லாருக்கும் வரும் நினைப்பு அது. வாரம் ஒருவரைப் படிக்கும்போது நன்றாக இருந்தது, நாற்பது பேரை வரிசையாகப் படிக்கும்போது பத்தாவது ஆளிலேயே சலிக்கும். எல்லாரும் கப்பலில் வந்திருப்பார்கள், எல்லாரும் கஷ்டப்பட்டிருப்பார்கள். புத்தகத்துக்கு ஒரு கேள்வி வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வாசகர் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அந்தக் கேள்வி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தாத்தா தங்கினார், அவர் தம்பி திரும்பினார். ஏன்? தளம் மூடப்போகிறது என்று தெரிந்ததும் சிலர் குடியுரிமை எடுத்துக்கொண்டு இங்கேயே வேறு வேலை தேடினார்கள். சிலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு முடிவும் தம்பி வேறு முடிவும் எடுத்ததற்கு எது காரணம்? குடியுரிமைத் தாளா, ஊரில் இருந்த நிலமா, மனைவி எங்கே இருந்தார் என்பதா, கைத்தொழில் தெரிந்ததா? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு குடும்பங்களைப் பார்த்தால் போதும். சின்னத் தாத்தாவின் பிள்ளைகளைத் தேடி ஊருக்கும் ஒருமுறை போக வேண்டியிருக்கும். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அந்தச் செலவைத் தர மாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும்.

மலையாளிகளை விட்டுவிடாதீர்கள். கடற்படைத் தளத்தில் அவர்கள் பெரிய எண்ணிக்கையில் இருந்தார்கள், உங்கள் தாத்தாவின் நண்பர்களில் பாதிப் பேர் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தமிழில் எழுதுகிறோம் என்பதற்காகத் தமிழரை மட்டும் வைத்து எழுதினால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

நினைவை நம்புங்கள், தேதியை நம்பாதீர்கள். வெள்ளைக்காரன் 71ல் போனான் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். படைகள் விலகியது 1971 அக்டோபர் கடைசியில், அது சரிதான். ஆனால் டாக்யார்ட் 1968 டிசம்பரிலேயே சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறை ஆகிவிட்டது. ஒருவர் எனக்கு 71ல் வேலை போச்சு என்றால், அது டாக்யார்ட் வேலையா, படை முகாமில் இருந்த வேலையா என்று கேட்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டில் மூன்று ஆண்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் காலத் தமிழ் முரசும் ஆங்கில நாளிதழ்களும் இருக்கின்றன. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். 1968, 1969 தமிழ் முரசைத் தேதி வாரியாகப் புரட்டுங்கள். விளம்பரங்களையும் சேர்த்துப் படியுங்கள், கப்பல் டிக்கெட் விளம்பரம்கூட உங்களுக்குச் சாட்சிதான். ஆங்கில இதழ்களில் தேடும்போது ஒரே தமிழ்ப் பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டில் போட்டுப் பாருங்கள், அன்றைய கிராணிகள் (எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்க நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். இப்போது கணினியே செய்து கொடுக்கிறது, ஆனால் மண்டோர், ஜாகா, தவுக்கே என்று மலாய் கலந்து பேசும் நம் பெரியவர்களின் தமிழில் அது தடுமாறுகிறது. முதல் நாலைந்து பதிவுகளையாவது நீங்களே தட்டுங்கள். அவர்கள் பேச்சின் நடை உங்கள் காதில் ஏறும்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அவர்களிலும் தமிழ்ப் புத்தகம் வாங்கிப் படிப்பவர் மிகக் குறைவு. ஆனாலும் முதலில் தமிழில் எழுதுங்கள் என்றே சொல்வேன். உங்களிடம் பேசியவர்கள் தமிழில் பேசினார்கள். அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே பாதியை நீங்களே வெட்டிவிடுவீர்கள். அவர்களால் படிக்க முடியாத, படித்துத் திருத்த முடியாத ஒரு புத்தகமாகவும் அது போய்விடும். தமிழ்ப் பிரதி முடிந்த பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள், கட்டாயம் கொண்டுபோங்கள். தமிழ் படிக்காத பேரப்பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள். சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழில் புனைவல்லாத எழுத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இங்கே வெளியாகும் எந்த நூலும் தேசிய நூலகத்துக்கு இரண்டு பிரதி போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். உங்கள் பன்னிரண்டு குடும்பங்களும் அந்தக் கட்டடத்தில் நிரந்தரமாக இருப்பார்கள்.

பணம். புத்தகம் சோறு போடாது என்று தெரிந்தே இறங்குங்கள். ஐந்நூறு பிரதி, விலை 20 வெள்ளி, எழுத்தாளருக்குப் பத்து விழுக்காடு என்றால், எல்லாம் விற்றாலும் உங்கள் கைக்கு ஆயிரம் வெள்ளிதான் வரும். தேசியக் கலைகள் மன்றமும் தேசிய மரபுடைமைக் கழகமும் மானியம் தருகின்றன. உங்கள் பொருளுக்கு மரபுடைமைக் கழகத்தை முதலில் பாருங்கள். பயணச் செலவு, ஒலிப்பதிவு, எழுத்தாக்கம், படங்களின் உரிமக் கட்டணம் என்று பட்டியல் போட்டு, எழுதி முடித்த ஓர் அத்தியாயத்தோடு விண்ணப்பியுங்கள். தொலைக்காட்சியில் வரவுசெலவுத் திட்டம் போட்டுப் பழகியது இங்கே கைகொடுக்கும்.

தயாரிப்பு நிறுவனம் தருவதாகச் சொல்லும் தொகை குறைவு. 400 வெள்ளி கூடுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போடுங்கள். இப்போது உங்கள் 4,500க்கு மேல் முதலாளி 17 விழுக்காடு, அதாவது 765 வெள்ளி, மசேநிதியில் போடுகிறார். அது நின்றுவிடும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு, மருத்துவச் செலவு, போனஸ் இருந்தால் அதுவும் நிற்கும். சுயதொழில் செய்பவராக ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவில், அதாவது மசேநிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில், நீங்களே கட்ட வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் மசேநிதியிலிருந்து போகிறது என்றால், சாதாரணக் கணக்கில் இருப்பது தீர்ந்ததும் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும். ஆக 4,900 என்பது சம்பளக் குறைப்பு. 5,800க்குக் குறைந்து சம்மதிக்காதீர்கள், அதுகூட ஏறக்குறைய இப்போதைய நிலைமைதான். அவர்களால் முடியாது என்றால், ஊழியராகவே எடுத்து மசேநிதி கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவின் பயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் அவரிடம் லட்சியத்தைப் பேசாமல் கணக்கைக் காட்டுங்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறதா, கணவரின் வருமானத்தில் வீட்டுக் கடன் ஓடுமா, ஓராண்டு முடிந்து ஒப்பந்தம் நீளாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருந்தால் அவர் அமைதியாகிவிடுவார். பதில் இல்லையென்றால் அவர் சொல்வது சரி, பதில் கிடைக்கும்வரை இருக்கும் இடத்திலேயே இருங்கள். பெரியவர்களைப் பதிவு செய்யும் வேலைக்கு அதுவும் வசதிதான்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். கட்டணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்பது ஒன்று. பணம் வராமல் போனால் 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனால் தேதி எழுத்தில் இருந்தால்தான் அங்கே பேச முடியும். உங்கள் பெயர் தயாரிப்பாளர் என்று திரையில் வர வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் உங்களுக்கு உயிர்நாடி: ஒப்பந்தத்துக்கு முன் நீங்கள் தனியாகச் செய்த நேர்காணல்களும் குறிப்புகளும் உங்களுடையவை, இதே பொருளில் நீங்கள் புத்தகம் எழுதுவதற்குத் தடையில்லை. இந்த வரியை அவர்கள் மறுப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, புத்தகம் வந்தால் நிகழ்ச்சிக்கும் பெயர்தான். அப்படியும் மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வரைவு கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.